அறவிலை வணிகம் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் நெடுங்காலமாகக் கணக்கெழுதி வருகிறேன். உங்கள் எழுத்தை எனக்கு அறிமுகம் செய்தவன் என் மகன். இப்போது அவனைப் பற்றியே உங்களுக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவன், கடவுள் இல்லை என்கிறான். எங்கள் குலதெய்வமான வேடியப்பனுக்கு இந்த ஆண்டு பொங்கல் வைக்கவும் வர மறுத்துவிட்டான். அதே பிள்ளை மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் இரத்ததானம் செய்கிறான். உடன் வேலை செய்யும் ஒருவருடைய தங்கையின் படிப்புக்குப் பணம் கட்டுகிறான். இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

எங்கள் மண்டியில் தோத்தாபுரி வந்து இறங்கினால், அழுகல், அடிபட்டது என்று எடையில் கழிவு பிடிப்போம். எவ்வளவு பிடிப்பது என்பது எடை போடுகிறவரின் மனசாட்சியைப் பொறுத்தது. பக்கத்து மண்டிகளில் பிடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். எங்கள் முதலாளி மட்டும் நியாயத்துக்கு மேல் ஒரு கிலோ பிடிக்க விடமாட்டார். ‘மேலே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்பார். அந்தப் பயம் போய்விட்டால் எடை போடுகிற கையை எது தடுக்கும்? என் மகன் செய்யும் நன்மையெல்லாம் அவனுடைய பாட்டனும் பூட்டனும் சேர்த்துவைத்த பக்தியின் வட்டியில்தான் நடக்கிறதோ என்றும் தோன்றுகிறது. முதல் கரைந்துபோனால் அவன் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்? மேலுலகமும் மறுபிறப்பும் இல்லையென்றால், முகம் தெரியாதவருக்கு இரத்தம் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஐயா,

உங்கள் பக்கம் ஆள்பலம் அதிகம். 2019இல் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்று சொன்னவர்கள் இந்தியாவில் 79 சதவீதம், ஸ்வீடனில் 9 சதவீதம். ஸ்வீடனை அறம்கெட்ட நாடு என்று யாரும் சொல்வதில்லை என்று இங்கேயே ஒருவர் வாதத்தை முடித்துவிடக்கூடும். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. அங்கே செல்வமும் சட்டமும் அரசின் அரவணைப்பும் சேர்ந்து செய்யும் வேலையை நம்பிக்கையின்மையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. உங்கள் மண்டியிலிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பக்கத்து மண்டிகளில் வயிறு எரியும்படி கழிவு பிடிக்கிறார்கள் என்கிறீர்கள். அந்த மண்டிகளிலும் கல்லாவுக்கு மேல் சாமி படம் மாட்டியிருக்கும். காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முதல் சீட்டு எழுதுவார்கள். படமும் கற்பூரமும் எல்லா இடத்திலும் உண்டு, சரியான எடை ஓரிடத்தில் மட்டும் உண்டு என்றால், வேறுபாடு படத்தில் இல்லை என்றாகிறது. மற்றவர்கள் தங்களை நம்பிக்கையற்றவர்கள் என்றோ திருடர்கள் என்றோ நினைத்துக்கொள்வதில்லை. கழிவு பிடிப்பது அவர்களுக்குத் தொழில் வழக்கம், அந்த வழக்கத்தைச் சாமியும் கண்டுகொள்வதில்லை. உங்கள் முதலாளிக்கோ அந்த விவசாயியின் நட்டம் கண்ணில் படுகிறது. அதைத் தனக்கே விளக்கிக்கொள்ள, பிறந்தது முதல் கேட்டுப் பழகிய சொற்களைப் பயன்படுத்துகிறார் என்றே நான் கருதுகிறேன்.

பயத்துக்குப் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கடவுள் தொடர்பான சொற்களைத் தம்மையறியாமல் மனத்தில் வாங்கியவர்கள், முன்பின் தெரியாதவருக்குக் கூடுதலான பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அதே ஆய்வில், நீதிமன்றம், காவல்துறை, ஒப்பந்தம் போன்ற சொற்களை வாங்கியவர்களும் ஏறக்குறைய அதே அளவு விட்டுக்கொடுத்தார்கள். (பின்னர் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது இந்த விளைவு எப்போதும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) யாரோ பார்க்கிறார்கள், யாருக்கோ பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு கையைக் கட்டுப்படுத்துகிறது என்பது மட்டுமே இதிலிருந்து தெரிகிறது, பார்ப்பவர் கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. எடை சரியாக விழுந்தால் சரி, அது எந்தப் பயத்தால் விழுந்தது என்பது மாங்காய் கொண்டுவந்தவருக்குப் பொருட்டில்லை. நீங்கள் கேட்பதோ அறத்துக்கு அந்தப் பயம் இன்றியமையாததா என்பதை.

நம்பிக்கை இருந்தும் அது வேலை செய்யாத இடங்களைப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். 1973இல் வெளியான ஒரு சோதனை பலருக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியார் பணிக்குப் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றும்படி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவன் சுருண்டு கிடந்து முனகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவரே நின்றார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள். ஒருவருடைய சமயப்பற்று எத்தகையது என்பதைக் கொண்டு அவர் நிற்பாரா, மாட்டாரா என்று கணிக்க முடியவில்லை.

அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. சேலத்திலும், கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன்னிருந்த நம் தர்மபுரி மாவட்டத்திலும் பெண் சிசுக்கொலை நடந்ததை நம் தலைமுறை அறியும். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. கள்ளிப்பால் புகட்டிய வீடுகள் நாத்திக வீடுகள் அல்ல. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய வீடுகள், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் முழுகி வந்த வீடுகள். அங்கே தெய்வத்தின் கண்ணைவிட ஊரின் கண்ணும் வரதட்சணைக் கணக்கும் பெரிதாக இருந்தன. அந்தப் பழக்கத்தைத் தளர்த்த உழைத்தவர்களில் வீடு வீடாக ஏறி இறங்கிய கிராமச் சுகாதாரச் செவிலியர் இருந்தார்கள், வீதி நாடகம் போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் சாமி கும்பிடுகிறவர்களும் உண்டு, கும்பிடாதவர்களும் உண்டு. அன்று ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ தீர்மானிக்கவில்லை.

நம் ஊர்ப்பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அம்மன் கோயில் வாசலில் நின்று, ‘உனக்குக் கண் அவிந்துபோச்சா’ என்று மண்ணை வாரித் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவள் நம்பிக்கை இழந்தவள் அல்லள். நம்புவதனால்தான் வழக்கைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறாள். ஆனால் எந்த நியாயத்தை வைத்து அம்மனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாளோ அந்த நியாயம் அம்மனிடமிருந்து கடன் வாங்கியதாக இருக்க முடியாது. கோவலனை இழந்த கண்ணகியும் மதுரை வீதியில் இதையே செய்தாள். அங்கே சான்றோரும் உண்டுகொல் என்று கேட்டவள், அதே மூச்சில் ‘தெய்வமும் உண்டுகொல்’ என்றும் கேட்டாள். அநீதி நடந்த ஊரில் தெய்வம் இருக்க முடியுமா என்பது அவள் கேள்வி. தெய்வம் இருக்கிறது, ஆகவே நடந்தது நீதிதான் என்று அவள் சொல்லவில்லை. நல்லது என்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா, கடவுள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்பது புகழ்பெற்ற கேள்வி. நம் தெருக்களில் அதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள்.

வட்டி, முதல் என்று நீங்கள் எழுதிய கணக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். உங்கள் குலதெய்வம் வேடியப்பன் என்று எழுதியிருக்கிறீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேடியப்பன் என்று வணங்கப்படுபவை பெரும்பாலும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மஞ்சளையும் எண்ணெயையும் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒருவன் ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாகப் பாய்ந்து நிற்பான். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், காலருகே மாடு நிற்கும். எழுத்து உள்ள கற்களில், இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்ன ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்டுப் பட்டான் (உயிர்விட்டான்) என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களை அருகில் நின்று பார்க்கலாம்.

இவன் தெய்வமாக இருந்து மாட்டை மீட்கவில்லை. ஊராரின் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டான். அதற்குப் பிறகுதான் தெய்வமானான். பகைவரை எதிர்த்து நின்று, யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்கும் கடவுள் எமக்கு வேறில்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் சொல்கிறார். உங்கள் பூட்டன்மார் சேர்த்துவைத்த முதல் என்பது பக்தி என்றால், அந்தப் பக்திக்கே முதலாக இருந்தது ஒரு மனிதன் பிறருக்காகச் செய்த செயல். உங்கள் மகன் அதை விட்டு எங்கும் போய்விடவில்லை.

ஆனால் கல்லை மிகையாகப் புகழ்ந்து தப்பித்துக்கொள்ளவும் கூடாது. சில கற்களின் மேற்பகுதியில் வானுலக மகளிர் வீரனை அழைத்துச் செல்வதைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலுலக நம்பிக்கை இருந்தது. மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. இன்னொரு ஊரின் கண்ணீர் அவன் கணக்கில் இல்லை. தன் ஊர், தன் தலைவன், தன் மாடு என்ற எல்லைக்குள் நின்ற தியாகம் அது. உங்கள் மகன் கொடுக்கும் இரத்தம் எந்தச் சாதிக்காரர் உடம்பில், எந்த ஊர்க்காரர் உடம்பில் ஏறுகிறது என்று அவனுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. முன்னோர் சேர்த்ததைக் கரைக்கிறான் என்று அஞ்சுகிறீர்கள்; எனக்கோ அவன் அந்த எல்லையை அகலப்படுத்தியிருக்கிறான் என்று தோன்றுகிறது.

மேலுலகம் இல்லையென்றால் கொடுப்பதில் என்ன பொருள் என்ற கேள்விக்கு, அதியமான் ஆண்ட மண் இது என்பதால் அவர் ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனியை எடுத்துக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொடுத்தவர் அரசர், வாங்கியவர் பெரும்புலவர் என்பதால் அந்தக் கொடையைப் பற்றி எனக்கு எப்போதும் சிறு தயக்கம் உண்டு. புகழாவது திரும்பி வந்தது. நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது புறநானூற்றின் 134ஆம் பாடல். ஆய் என்னும் வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடியது. ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்கிறார். இங்கே கொடுத்து அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுப்பவரை அந்தப் புலவர் வணிகர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார். பிறகு ஏன்தான் கொடுக்கிறான் ஆய்? சான்றோர் சென்ற வழி அது என்பதால், அவ்வளவுதான். மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்ற குறளை உங்கள் மகன் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பான். இவர்கள் கடவுளை மறுத்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடைக்குக் காரணம் தேடி மேலே போக வேண்டியதில்லை என்பதில் தெளிவாக இருந்தார்கள்.

அப்படியானால் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று அடித்துக் கேட்பவனுக்கு நாத்திகரிடம் முடிவான விடை கிடையாது என்பார்கள். உண்மைதான். நம்புகிறவரிடமும் கிடையாது. நரகம் உண்டு என்று சொன்னால் அவன் எச்சரிக்கையாக நடந்துகொள்வான். பிறர் துன்பம் தன்னைத் தொட வேண்டும் என்ற ஒன்றை எந்த மிரட்டலாலும் உள்ளே வைக்க முடியாது. அது பெரும்பாலான மனிதரிடம் முன்பே இருக்கிறது. கையில் சுமையோடு தடுமாறும் முன்பின் தெரியாத ஆளுக்கு, 18 மாதக் குழந்தை தானே எழுந்து வந்து உதவுவதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அந்த வயதில் அதற்குச் சாமியும் தெரியாது, சாமி கண்ணைக் குத்தும் என்ற பயமும் தெரியாது.

உங்கள் கவலையில் எனக்கு உடன்பாடு உள்ள பகுதி ஒன்று உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியது. இயல்பாக இருக்கும் அந்த ஈரம் பழக்கத்தால்தான் காயாமல் நிற்கும். கோயிலும் திருவிழாவும் அந்தப் பழக்கத்தை ஆண்டுதோறும் கொடுத்து வந்தன: வரி போட்டுக் கூழ் ஊற்றுவது, சாவு வீட்டுக்குச் சொல்லாமலே போய் நிற்பது, பகையாளியும் பந்தியில் பக்கத்தில் உட்காருவது. கடவுளை விட்டவர்கள் பெரும்பாலும் இவற்றையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்; பெங்களூர் அடுக்குமாடியில் அவற்றின் இடத்தில் எதையும் வைப்பதில்லை. உங்கள் மகன் தன் கொடையை உங்களிடம்கூட மறைக்கிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நாளை அவன் பிள்ளைகளிடமும் மறைத்தால் அவர்கள் எதைப் பார்த்துப் பழகுவார்கள்? ஆய்க்குச் சான்றோர் சென்ற வழி கண்முன் இருந்தது. இரத்த வங்கிக்குப் போகும் நாளில் அவன் அவர்களையும் அழைத்துக்கொண்டு போகட்டும்.

பொங்கலைப் பற்றி அவனிடம் சண்டை போடாதீர்கள். அந்தக் கல்லில் இருப்பவன் யார், எதற்காகச் செத்தான் என்று உங்களுக்குத் தெரிந்தவரை அவனுக்குச் சொல்லுங்கள். கும்பிடுவதற்காக வர விருப்பமில்லாதவன், அந்த மனிதனுக்கு மரியாதை செய்ய வரக்கூடும். அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பொங்கலை நீங்கள் வையுங்கள், உங்கள் முதலாளி எடையைப் போடட்டும், அவன் இரத்தத்தைக் கொடுக்கட்டும்.

அன்புடன்.