கொலுவிருக்கும் அம்மனும் பிறந்த வீடு வரும் மகளும்

கேள்வி: நவராத்திரியும் துர்கா பூஜையும் ஒன்றுதானே? நாம் விரதமிருக்கும் நாட்களில் வங்காளிகள் மட்டும் மீனும் கறியும் சாப்பிடுவது சரியா?

பதில்: நாட்கள்தான் ஒன்று, பண்டிகை வேறு. இது புரிந்தால் மீன் உறுத்தாது.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நமக்குக் கொலு தொடங்கிவிடும். மரப்பாச்சி ஜோடி, தினம் ஒரு சுண்டல், ஒன்பது இரவு. அவர்கள் சஷ்டியன்றுதான் துர்கையின் முகத்திரையையே விலக்குவார்கள். தசமி வரை ஐந்து நாள். நாம் துர்கை, லட்சுமி, சரஸ்வதிக்கு மும்மூன்று நாளாகப் பிரித்துக் கும்பிடுகிறோம். வங்காளத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் துர்கையின் மகள்கள். கணேசனும் கார்த்திக்கும் மகன்கள். அந்தக் கார்த்திக் நம்ம முருகன்தான். ஆனால் பக்கத்தில் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை!

கைலாயத்தில் வாழ்க்கைப்பட்ட மகள், நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அங்கே பண்டிகை இதுதான். மகள் வந்திருக்கும் வீட்டில் அடுப்பு சும்மா இருக்குமா? அஷ்டமியன்று பல வீடுகளில் சைவம்; நவமியன்று ஆட்டுக்கறி கொதிக்கும். நம் விரதத்தை வைத்து அதை அளப்பது நியாயமே இல்லை. சரி, தமிழ்நாட்டிலாவது எல்லாம் ஒரே மாதிரியா? குலசேகரப்பட்டினத்தில் காளி வேடமும் குரங்கு வேடமும் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்களே, அதுவும் இதே நவராத்திரிதான். அங்கே போய்க் கொலுப்படியைத் தேடுவீர்களா?

தசமியன்று அவர்கள் விடைகொடுப்பதைப் பார்க்கவேண்டும். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து, வெற்றிலையால் அம்மன் முகத்தைத் துடைத்து, நெற்றியில் சிந்தூரம் வைத்து, உதட்டில் இனிப்பைத் தொட்டு ஊட்டுவார்கள். புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணுக்குச் செய்வது போலவே இருக்கும். அப்புறம் ஒருவர் கன்னத்தில் ஒருவர் சிந்தூரம் பூசிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் பூசுவார்கள், ஆனால் பல கண்கள் கலங்கியிருக்கும்.

நாம் அன்றிரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறோம். பாட்டி வாங்கிய செட்டியார் பொம்மை அடுத்த வருஷமும் அதே படிக்கு வரும். அவர்களுடைய அம்மன் களிமண். ஹூக்ளி ஆற்றில் இறக்கினால் கரைந்துபோவாள். உள்ளே இருந்த வைக்கோல் கட்டு மட்டும் மிதக்கும். கரையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே, வரும் வருஷம் மறுபடி நடக்கும் என்று தொண்டை கட்டக் கத்துவார்கள்.