தொண்டிக் கடலில் ஜெல்லி மீன் கொட்டினால் உயிருக்கு ஆபத்தா?

காரைக்குடியிலிருந்து பிள்ளைகளோடு தொண்டிக்குக் குளிக்கப் போகிறோம், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

நாம் இணையத்தில் படித்துக் கலங்குவது பெரும்பாலும் வட ஆஸ்திரேலியாவின் பெட்டி ஜெல்லி மீனைப் பற்றி. அதன் இழைகள் 3 மீட்டர் வரை நீளும். நிறைய இழைகள் உடம்பில் சுற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். அங்கேயே இருக்கும் இருகாஞ்சி வகையோ விரல்நகம் அளவுதான். கொட்டியபோது லேசாகத்தான் தெரியும், அரை மணி நேரம் கழித்துத்தான் முதுகுவலி, வாந்தி, ரத்தக் கொதிப்பு எல்லாம் வரும்.

நம் பக்கக் கடலில் மீனவர்கள் சொறி என்று சொல்பவை பெரும்பாலும் எரிச்சலோடு விட்டுவிடும். ஆனால் பாக் நீரிணையிலும் பெட்டி வகை உண்டு. அதனால் இறங்குமுன் கரையில் இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். செத்து ஒதுங்கியதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. விஷ முட்கள் அதற்குப் பிறகும் பாயும்.

கொட்டிவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். சிறுநீர் வைத்தியம் சுத்த அபத்தம். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் குறட்டால் எடுங்கள். அப்புறம் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 20 நிமிடமாவது வையுங்கள். பெட்டி வகை என்று தெரிந்தால் முதலில் வினிகர். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே 108.