பைலட் சுடர் நிற்காத பழைய கேஸ் ஹீட்டர்

ஐயா, வணக்கம். புதுச்சேரியில் மூடப்பட்ட கடற்கரை உணவகம் ஒன்றிலிருந்து காயலான் கடைக்கு வந்த வெளிப்புற கேஸ் ஹீட்டரை வாங்கியதாகவும், குமிழை அழுத்தியிருக்கும்வரை எரியும் பைலட் சுடர் (பெரிய தீயைப் பற்றவைக்கும் சிறு சுடர்) கையை எடுத்ததும் அணைந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுடர் பற்றுவதால் வாயு வந்துசேர்கிறது. வால்வைத் திறந்தே வைத்திருக்க வேண்டிய மின்சாரம்தான் வரவில்லை என்று தோன்றுகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவியான தெர்மோகப்புளின் முனை சுடரில் சூடேறித் தரும் 20, 30 மில்லிவோல்ட்தான் வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்தைப் பிடித்துவைக்கிறது.

சிலிண்டரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் படிந்த கரியையும், உப்புக்காற்றால் திருகு இணைப்பில் ஏறியிருக்கும் பச்சைக் களிம்பையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் பைலட் ஜெட்டில், அதாவது வாயு வெளிவரும் நுண்துளையில், சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்பதால் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காவிட்டால், ஹீட்டர் சாய்ந்தால் வாயுவை நிறுத்தும் சுவிட்சை மல்டிமீட்டரால் சோதியுங்கள். நிமிர்ந்த நிலையில் அதில் மின் தொடர்ச்சி காட்ட வேண்டும். பழுதென்றால் மாற்றுங்கள், சில மெக்கானிக்குகள் சொல்வதுபோல் அதை நேரடியாக இணைத்து விட்டுவிடாதீர்கள், கடற்காற்றில் சாயக்கூடிய பொருள் அது. பழைய ரப்பர் குழாயை எப்படியும் மாற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே திறந்தவெளியில் பற்றவையுங்கள்.