'டிட் யூ வென்ட்' ஏன் தப்பு? ஆங்கில வினைச்சொல் கேள்வி பதில்

கேள்வி: சார், 'டிட் யூ வென்ட்' என்று கேட்டால் ஆபீசில் சிரிக்கிறார்கள். நேற்று நடந்ததைத்தானே கேட்கிறேன்?

பதில்: நேற்று என்பதை 'டிட்' சொல்லிவிட்டது. மறுபடி 'வென்ட்' எதற்கு? 'டிட் யூ கோ' போதும். தமிழில் 'போனேன்' என்போம். மறுக்கும்போது 'போனவில்லை' என்றா சொல்கிறோம்? 'போகவில்லை' என்றுதானே! அதே கணக்குதான். 'ஷி கோஸ்' கேள்வியானால் அந்தக் கடைசி 'ஸ்' 'டஸ்'ஸோடு போய்விடும்: 'டஸ் ஷி கோ'. இந்த ஒன்று பிடிபட்டால் பாதித் தப்பு தானாகக் குறையும்.

கேள்வி: 'வில் கம்ஸ்' வருமா?

பதில்: வராது. வில், கேன், மஸ்ட் இவற்றுக்குப் பின்னால் 'ஸ்', 'எட்' எதுவும் ஒட்டாத மொட்டை வினைதான்: 'வில் கம்'.

கேள்வி: அண்ணா, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றுதான் எங்கள் காலேஜில் எல்லோரும் பேசுகிறோம். அது தப்பா?

பதில்: நம் நாட்டில் பரவலாகக் காதில் விழுவதுதான், புரியாமல் போகாது. ஆனால் பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். அண்ணன் தம்பி இருப்பது நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை இல்லையே. அதனால் 'ஐ ஹேவ்'. நோ (தெரிந்திருப்பது), பிலாங் (சொந்தமாக இருப்பது) போன்றவையும் இந்த ரகம். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' மட்டும் சரி, அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது.

கேள்வி: 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'?

பதில்: 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்று எழுதுங்கள். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ் சீன்' ஒத்துவராது. 'டுடே' என்றால் வரும், இன்றைய நாள் இன்னும் முடியவில்லையே.

கேள்வி: சார், 'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் ஒட்டே இல்லையே. இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: ஒட்டு இருக்காது. 'வென்ட்' முதலில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதை எடுத்துக்கொண்டது. அடிக்கடி வாயில் புழங்கும் வினைகள் பழைய உருவத்தை எளிதில் விடுவதில்லை. அரிதாக வருபவைதான் மெல்ல, இறந்தகாலத்துக்கு 'எட்' சேர்க்கும் பக்கம் சாய்கின்றன. 'ஹெல்ப்'பின் இறந்தகாலம்கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்'. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் பத்து வினைகளும் ஒழுங்கில்லாதவையே, அதாவது இறந்தகாலத்தில் வெறும் 'எட்' சேர்த்தால் போதாதவை: பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ. நீளமான அட்டவணையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தப் பத்தையும் வாக்கியத்தில் வைத்துப் பேசிப் பழகுங்கள்.