போன வீரருக்குப் பதில் என்ன?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஆன்லைனில் பேஸ்பால் சிமுலேஷன் லீக் நடத்துகிறோம். ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆன என் வீரரை ஒருவர் வாங்கிவிட்டார், ஆனால் அவருடைய முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (புது வீரரை எடுக்கும் முறை) எனக்கு வரவில்லை, இரண்டாம் சுற்றுதான் வந்தது. இது நியாயமா?

பதில்: அந்த நண்பர் அதே சீசனில் வேறு பெரிய ஆளையும் வாங்கினாரா என்று பாருங்கள். உங்கள் லீக் அமெரிக்க பேஸ்பால் லீகின் பழைய 'டைப் ஏ' விதியை (தரவரிசையில் உயர்ந்த வீரரை வாங்கும் அணி, அவருடைய பழைய அணிக்குத் தன் டிராஃப்ட் தேர்வைத் தர வேண்டும்) பின்பற்றினால், கணக்கு சரிதான். ஒரே அணி இருவரை வாங்கினால் தரவரிசையில் மேலே இருப்பவரின் பழைய அணிக்கே முதல் சுற்று. 2008 சீசன் முடிந்ததும் யாங்கீஸ் அணி மார்க் டெஷேரா, சிசி சபாத்தியா இருவரையும் வாங்கியது. டெஷேராவின் தரவரிசை மேலே இருந்ததால் முதல் சுற்று அவருடைய பழைய அணியான ஏஞ்சல்ஸுக்குப் போனது, சபாத்தியாவை இழந்த புரூவர்ஸுக்கு இரண்டாம் சுற்றுதான். ஏஞ்சல்ஸ் அந்த 25வது தேர்வில் எடுத்த பையன் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் ட்ரவுட்! புரூவர்ஸ் ரசிகர்களுக்கு இன்றும் வயிறு எரியும்.

2012 முதல் நிஜ லீகில் வேறு முறை. பழைய அணி முதலில் ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வர வேண்டும் (2012இல் 1.33 கோடி டாலர்), வீரர் அதை மறுத்தால்தான் இழப்பீடு. சீசன் நடுவில் டிரேடில் (அணிகளுக்கு இடையிலான வீரர் பரிமாற்றத்தில்) வந்தவர் போனால் அந்த இழப்பீடும் கிடையாது. என்னைக் கேட்டால், அடுத்த சீசனுக்கு இதற்கு மாறச் சொல்லி உங்கள் லீகை நடத்தும் கமிஷனரிடம் இப்போதே பேசுங்கள்.