எனிடெஸ்க்கை அழிச்சும் திரும்ப வருது, என்ன செய்யிறது?

கிளிநொச்சியில ஒரு கடையில தூரத்தில இருந்தே லப்ரொப்பைத் திருத்தித் தந்தவை, இப்ப எனிடெஸ்க்கை (தூரத்தில இருந்தே இன்னொராள் உங்கட லப்ரொப்பை இயக்க விடுற புரோகிராம்) அழிச்சும் லப்ரொப்பைப் போடேக்க திரும்ப வருதெண்டு கேட்டிருக்கிறீங்கள். தம்பி, முதல்ல நெற்றை நிப்பாட்டுங்கோ, வைஃபையோ போன் ஹொட்ஸ்பொட்டோ எதெண்டாலும் சரி, மிச்சமெல்லாம் பிறகு.

டெஸ்க்ரொப்பில ஐகொனை அழிச்சா புரோகிராம் போகாது. செற்றிங்ஸில அப்ஸுக்குள்ள போய் அன்இன்ஸ்ரோல் பண்ணுங்கோ, ரீம்வியூவர், அல்ட்ராவியூவர் மாதிரி அதே வேலை செய்யிற வேற புரோகிராம் ஏதும் கிடந்தா அதையும் சேர்த்து எடுங்கோ, ஏனெண்டா சிலர் ஒண்டுக்கு ரெண்டாப் போட்டு விட்டிடுவினம். பிறகு ஸ்ராட் மெனுவில சேர்விசஸ் (பின்னால தானா ஓடுறதுகளின்ர பட்டியல்) எண்டு தேடித் திறந்து, எனிடெஸ்க் எண்ட பேர் இன்னும் நிண்டா ஸ்ரொப் குடுத்து டிசேபிள் பண்ணுங்கோ. ராஸ்க் மனேஜரில ஸ்ராட்டப்பையும் (லப்ரொப்பைப் போட்ட உடன தானா ஓடத் தொடங்கிறதுகள்) ஒருக்காப் பாருங்கோ, அதிலயும் அந்தப் பேர் கிடந்தா டிசேபிள் பண்ணுங்கோ.

கனபேர் விடுற இடம் இதுதான்: சி டிரைவில புரோகிராம்டேற்றா எண்டொரு ஃபோல்டர் மறைஞ்சு கிடக்கும், எக்ஸ்புளோரரில வியூவுக்குள்ள ஹிடின் ஐற்றம்ஸை ரிக் பண்ணினாத்தான் தெரியும், அதுக்குள்ள எனிடெஸ்க் ஃபோல்டர் இருந்தா முழுசா அழிச்சுப்போடுங்கோ. ஆள் இல்லாமலே உள்ள வாறதுக்கு வைக்கிற பாஸ்வேர்டின்ர செற்றிங் அதுக்குள்ளதான் இருக்கும், அது கிடந்தா நாளைக்கு நீங்களே திரும்ப இன்ஸ்ரோல் பண்ணினாலும் பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யும்.

மெயில், பாங்க் பாஸ்வேர்டுகளை அந்த லப்ரொப்பில மாத்தாதேங்கோ, உங்கட போனில மாத்துங்கோ. விண்டோஸோட வாற வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில ஒஃப்லைன் ஸ்கானும் ஒருக்கா ஓடவிடுங்கோ.