எக்ஸ்-மென் 13: எது மேலே, எது கீழே? வாசகர் கேள்வி-பதில்

பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களின் கதையைச் சொல்லும், ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்து 2000 முதல் 2020 வரை வெளியான 13 எக்ஸ்-மென் படங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். படம் பார்க்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கதை முடிவுகளை நாங்கள் மறைக்கவில்லை.

பதிமூன்றையும் வரிசைப்படுத்திச் சொல்லணும். "எல்லாமே ஒரு வகையில நல்ல படம்தான்"னு மழுப்பக் கூடாது. — கல்லூரி மாணவர், சுங்கான்கடை

மழுப்பவில்லை. அளவுகோலை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு பாத்திரத்தின் சக்திக்குப் படம் ஓர் எல்லை வகுத்தால், கடைசிவரை அதை மதிக்கிறதா? இழப்பு என்று காட்டியதை, சூடு ஆறும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடாமல் இருக்கிறதா? சண்டையும் கிராஃபிக்ஸும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கில் முதலிடம் 'எக்ஸ்2' (2003). பலர் 'லோகன்' பெயரைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 'எக்ஸ்2' செய்த வேலை கடினமானது. பத்துக்கு மேற்பட்ட பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் அவரால் மட்டுமே முடிகிற ஒரு வேலை. ஓரிடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றும் நைட்கிராலரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் தாவ முடியும், தெரியாத இடத்துக்குத் தாவினால் சுவருக்குள் சிக்கிக்கொள்ளலாம் என்று படம் சொல்லிவைக்கிறது. கடைசியில் குழுவிலுள்ள ஸ்டார்ம் என்ற பெண்ணையும் பிடித்துக்கொண்டு, பார்த்திராத அறைக்குள் அவன் தாவ வேண்டி வருகிறது. அந்த ஒரு நொடிப் பயம், முன்பு போட்ட விதியால் வந்தது. உலோகத்தை மனதால் அசைக்கும் மேக்னீட்டோ சிறையிலிருந்து தப்புவதும் இப்படித்தான். சிறை முழுக்கப் பிளாஸ்டிக். உள்ளே உலோகமே கிடையாது. எனவே காவலரின் ரத்தத்தில் அவன் கூட்டாளி மிஸ்டிக் இரும்பை ஏற்றி அனுப்புகிறாள்.

இரண்டாவது 'லோகன்' (2017). 90ஆவது ஆஸ்கரில் தழுவல் திரைக்கதைக்குப் பரிந்துரை பெற்ற படம். எக்ஸ்-மென் குழுவின் தலைவர், மனங்களை ஆளும் பேராசிரியர் சேவியரின் மூளைக்கு வலிப்பு வந்தால் சுற்றியுள்ள எல்லோரும் உறைந்து துடிக்கிறார்கள். உலகத்தின் மிக ஆற்றல் வாய்ந்த மூளைக்கு முதுமை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதிய காட்சி அது. குறையும் உண்டு: கடைசிப் பகுதிக்குச் சரியான வில்லன் கிடைக்காமல், லோகனின் (வுல்வரின் என்பவனும் இவனே) நகல் ஒன்றைச் செய்து அவனோடு மோதவிட்டார்கள். தவிர, 17 வருடப் பழக்கத்தின் தோளில் ஏறித்தான் இந்தப் படம் நிற்கிறது. இரண்டாம் இடம் தந்ததற்கு அதுவே காரணம்.

மூன்றாவது 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' (2011). வில்லன் ஷாவின் நெற்றிக்குள் மேக்னீட்டோ செலுத்தும் நாணயம் மெல்ல நுழையும்போது, அவனை மனதால் கட்டிப்போட்டிருக்கும் சார்லஸ் (சேவியர்) தூரத்தில் கதறுகிறார். கொலைகாரனும் நண்பனும் ஒரே வலிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் டார்வின் விஷயத்தில் படம் சறுக்கியது. எந்த ஆபத்துக்கும் உடம்பைத் தகவமைத்துத் தப்பிப்பதுதான் அவன் சக்தி. குழுவில் முதலில் சாகிறவனும் அவனே. நான்காவது 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2014). இதிலும் ஓர் ஓட்டை: பென்டகனின் அடியிலிருந்து மேக்னீட்டோவைச் சில நிமிடத்தில் வெளியே கொண்டுவந்த, மின்னல் வேகத்தில் ஓடும் க்விக்சில்வரை, "நன்றி தம்பி" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் கூடவே இருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே!

ஐந்து, முதல் படம் (2000). ஆறு, 'டெட்பூல்' (2016): 5.8 கோடி டாலரில் எடுத்து 78 கோடிக்கு மேல் வசூலித்தது. பணம் இல்லாத நெருக்கடியே அதன் நகைச்சுவையைக் கூர்மையாக்கியது. ஏழு, 'தி வுல்வரின்' (2013): ஜப்பானில் நடக்கும் முதல் முக்கால் பாகம் அருமை, கடைசி இரும்புப் பொம்மைச் சண்டை வீண். எட்டு, 'டெட்பூல் 2'. ஒன்பது, 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' (2006). பத்து, 'தி நியூ மியூட்டன்ட்ஸ்'. பதினொன்று, 'அபோகாலிப்ஸ்' (2016). வில்லனுக்கு எல்லாச் சக்தியும் உண்டு. எல்லை எதுவும் இல்லாததால் எந்தக் காட்சியிலும் பதற்றமும் இல்லை. பன்னிரண்டு, 'டார்க் ஃபீனிக்ஸ்' (2019).

கடைசி இடம் 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்' (2009). லோகனுக்குத் தன் பழைய வாழ்க்கை நினைவில்லை என்பதுதான் முதல் இரண்டு படங்களில் அந்தப் பாத்திரத்தை இழுத்துச் சென்ற விசை. அதற்கு இந்தப் படம் தந்த விடை: தலையில் சுட்ட அடமாண்டியம் (கதையில் வரும் கற்பனை உலோகம்) குண்டு. மூளை வளர்ந்துவிடும், நினைவு மட்டும் திரும்பாது என்று சுட்ட வில்லன் ஸ்ட்ரைக்கருக்கு யார் சொன்னது? குளியலறைக் கண்ணாடி முன் லோகன் நகங்களைப் பார்க்கும் காட்சியில் அவை கார்ட்டூன் போலத் தெரிகின்றன. ஒன்பது வருடம் முந்திய முதல் படத்தில் நகம் நகமாகத் தெரிந்தது.

அண்ணாச்சி, மேக்னீட்டோ நம்ம ஊர்ப் பக்கம் வந்தா ஆரல்வாய்மொழி காத்தாடிய எல்லாம் பிடுங்கி எறிஞ்சுருவானா? எங்க மணலையும் தூக்குவானா? — வாசகர், மணவாளக்குறிச்சி

விளையாட்டுக் கேள்விதான், ஆனாலும் பதில் உண்டு. காற்றாலைக் கோபுரம் எஃகு; அது அவன் சொன்னபடி வளையும். இறக்கைகள் கண்ணாடி இழையால் ஆனவை, அவற்றை நேராகத் தொட முடியாது. கோபுரத்தைச் சாய்த்தால் இறக்கையும் சேர்ந்து விழும், அவ்வளவுதான். மணலில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. ஆலையிலேயே காந்தப் பிரிப்பான் வைத்துத்தான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். எனவே கருமணல் எழும்பும். ரூட்டைலும் சிர்கானும் காந்தத்துக்கு ஒட்டாது என்றாலும் அவற்றிலும் டைட்டானியம், சிர்கோனியம் என உலோகங்கள் உண்டு. மேக்னீட்டோ காந்தத்துக்கு ஒட்டுவதை மட்டும் அசைக்கிறவனா, எல்லா உலோகத்தையும் அசைக்கிறவனா என்று படங்கள் கறாராகச் சொன்னதே இல்லை.

ஆனால் உலோகம் இல்லாத பொருளிடம் அவன் தோற்பான் என்பதில் படங்கள் பெரும்பாலும் உறுதியாக நிற்கின்றன. 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் ராணுவத்தின் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கிகள். 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்தில் சென்டினல்கள் (மியூட்டன்ட்களை வேட்டையாடும் ரோபோக்கள்) உலோகமே இல்லாத பாலிமரால் ஆனவை. அவற்றை வசப்படுத்த, ரயில் தண்டவாளத்து எஃகை இழையாக்கி உள்ளே செலுத்துகிறான். விதி ஒன்றைப் போட்டு, அதைச் சுற்றி வளைத்துப் போக வழி கண்டுபிடிக்கும் இந்த மாதிரி எழுத்துதான் இந்தத் தொடரின் பலம். 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் கோல்டன் கேட் பாலத்தையே அவன் தூக்கிக்கொண்டு போகும் காட்சி கண்ணுக்கு விருந்து. ஆனால் பாலம் கிளம்பும்போது பகல், இறங்கியதும் இரவு. அதைக் கவனித்தவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது படத்துல சேவியர் தூள்தூளாப் போயிட்டார். அப்புறம் எப்படி உயிரோட வர்றார்? — வாசகி, திங்கள்சந்தை

அந்தப் படத்தின் பெயர்கள் ஓடி முடிந்தபின் ஒரு காட்சி வரும். நினைவற்றுக் கிடக்கும் ஒருவரின் உடம்பிலிருந்து சேவியரின் குரல் கேட்கும். மனதை மட்டும் அங்கே மாற்றிவிட்டார் என்று பொருள். அடுத்த படங்களில் அதே முகம், அதே சக்கர நாற்காலி எப்படி வந்தன என்பதற்கு விளக்கம் இல்லை. லோகனின் நகத்துக்கும் இதே கதிதான். 'தி வுல்வரின்' முடிவில் உலோக நகம் வெட்டுப்பட்டு எலும்பு நகம் வளர்கிறது. அடுத்த படத்தின் எதிர்காலப் பகுதியில் உலோகம் திரும்பியிருக்கிறது. யார் பூசினார்கள் என்று கேட்கக் கூடாது!

'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' கதையில் 1973-இல் வரலாறு மாறுவதால் முதல் மூன்று படங்களின் சம்பவங்கள் அழிந்துவிடுகின்றன, 1962-இல் நடக்கும் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' மட்டும் நிற்கிறது என்று பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி தீராது. 1962, 1973, 1983, 1992 என்று கதை பத்து பத்து வருடமாகத் தாவுகிறது; 1944-இல் நாஜி முகாமில் சிறுவனாக நின்ற எரிக்குக்கு (மேக்னீட்டோவின் சொந்தப் பெயர்) 1992-இலும் நரை இல்லை.

எனக்க மகளுக்குப் பத்து வயசு. போஸ்டர்ல சின்னப் பிள்ளை இருக்குன்னு 'லோகன்' பாக்கணும்னு அடம். காட்டலாமா? — ஒரு தகப்பன், குலசேகரம்

வேண்டாம். இந்தியாவில் அது 'ஏ' சான்றிதழ் படம். தொடக்கத்திலேயே கார்ச் சக்கரம் திருட வருகிறவர்களின் கை துண்டாகிறது. அதைவிட முக்கியம், கொலைகளில் பல அந்தச் சிறுமியின் கையாலேயே நடக்கின்றன. முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். அதிலும் ஆரம்பக் காட்சியில் நாஜி முகாமில் ஒரு சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அது உண்மை வரலாறு என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். டெட்பூல் படங்களும் 'ஏ' தான். வேடிக்கையான சிவப்பு உடையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஃபீனிக்ஸ் கதையை ரெண்டு தடவை எடுத்து ரெண்டு தடவையும் ஏன் சொதப்பினாங்க? — வாசகர், நாகர்கோவில்

காமிக்ஸில் ஜீன் கிரே அறிமுகமானது 1963. பெரும் சக்தி பெற்று ஃபீனிக்ஸ் ஆனது 1976. அந்தச் சக்தி அவளை விழுங்கிய கதை 1980. பதினேழு வருடம் பழகிய பெண் கைவிட்டுப் போகிறாள் என்பதால்தான் வாசகர்களுக்கு வலித்தது.

2006 படம் இந்தக் கதையோடு, மியூட்டன்ட்களைச் சாதாரண மனிதராக்கும் மருந்து என்ற இன்னொரு கதையையும் 104 நிமிடத்துக்குள் திணித்தது. மருந்துக் கதை மையத்தைப் பிடித்துக்கொண்டதால், படத்தின் பின்பாதியில் ஜீன் பெரும்பாலும் பேசாமல் மேக்னீட்டோவின் பக்கத்தில் நிற்கிறாள். அவளுடைய காதலன் ஸ்காட் எப்படிச் செத்தான் என்பதைக்கூடத் திரையில் காட்டவில்லை. படம் முடியும்போது, அந்த மருந்தால் சக்தியிழந்த மேக்னீட்டோ சதுரங்கக் காயை லேசாக அசைக்கிறான். மருந்தும் வேலை செய்யவில்லையாம். ஆக அவன் இழந்ததும் இழப்பில்லை.

2019 படத்தில் நேரெதிர்ச் சிக்கல். இந்த ஜீனை அதற்கு முன் ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருந்தோம். பழகாதவள் கெட்டுப்போனால் யாருக்கு என்ன? 2006 படத்தின் இரு கதாசிரியர்களில் ஒருவரான சைமன் கின்பெர்க்கே இதை எழுதி இயக்கினார். கடைசிப் பகுதியை மறுபடி படமாக்கினார்கள். அப்படி வந்த ரயில் சண்டைதான் படத்தில் பார்க்கத் தகுந்த பகுதி. செலவு சுமார் 20 கோடி டாலர், உலக வசூல் சுமார் 25 கோடி. திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போக, நஷ்டம்.

புதுசாப் பாக்கிறவங்க எந்த வரிசையில பாக்கணும்? தமிழ்லயா, இங்கிலீஷ்லயா? — வாசகர், மார்த்தாண்டம்

வெளியான வரிசையில். கதை நடக்கும் ஆண்டு வரிசையில் பார்த்தால் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' முதலில் வரும். அதன் தொடக்கம் 2000 படத்தின் முகாம் வாசல் காட்சியை அப்படியே திரும்பக் காட்டி அதற்குமேல் கட்டுகிறது, அந்தச் சுவை போய்விடும். நேரம் இல்லாதவர்களுக்கு ஐந்து படங்கள் போதும்: எக்ஸ்-மென், எக்ஸ்2, ஃபர்ஸ்ட் கிளாஸ், டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட், லோகன். மொத்தம் பத்தே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். இடையில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மூன்றாவது படத்தில் ஸ்காட் சாகிறான், ஜீனை லோகனே கொல்ல நேர்கிறது. இது தெரியாவிட்டால், 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' கடைசியில் இருவரும் உயிரோடு நிற்பதைப் பார்த்து லோகன் ஏன் திகைக்கிறான் என்று புரியாது.

சண்டைக்காகப் பார்ப்பவர்களுக்குத் தமிழ் ஒலி கிடைத்தால் போதும். 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தை மட்டும் மூல ஒலியில், அடியில் எழுத்தோடு பாருங்கள். அர்ஜென்டினா மதுக்கடையில் எரிக் ஒளிந்து வாழும் நாஜிகளிடம் பேசும்போது மொழி மாறிக்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே மொழியில் பேசினால் அந்தக் காட்சியின் மிரட்டல் பாதியாகிவிடும். 'லோகன்' படத்திலும், பாதிப் படம் தாண்டியும் வாய் திறக்காத சிறுமி லாரா திடீரென்று ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவாள். லோகனுக்கு ஒன்றும் புரியாது. நமக்கும் புரியாமல் இருப்பதே நல்லது.

'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' படத்துக்கு 'ரோக் கட்' என்று சுமார் 17 நிமிடம் நீண்ட ஒரு பதிப்பும் இருக்கிறது. முதல் முறை அதைத் தொட வேண்டாம். ரோக் என்ற பெண்ணை மீட்கும் கிளைக்கதை இறுதி வேகத்தைக் குறைக்கிறது. 'லோகன்' கறுப்பு-வெள்ளைப் பதிப்பு வேறு விஷயம். இரண்டாவது முறை பார்க்க அதுதான் சரி.

எங்க ஊர் படிப்பகத்துல இந்தப் படங்களுக்கு ஓட்டுப் போட்டோம். 13-லேருந்து 1 வரை மார்க். கடைசியில சண்டையாப் போச்சு. சரியா எப்படி நடத்தணும்? — வாசகர், கருங்கல்

சண்டைக்குக் காரணம் மார்க் முறை. ஆறு படம் மட்டும் பார்த்தவர் மீதி ஏழுக்குப் பூஜ்யம் போடுவார். குறைவாகப் பார்க்கப்பட்ட நல்ல படம் அடியில் போய்விடும். அடுத்த முறை, ஒவ்வொருவரும் தாம் பார்த்த படங்களை மட்டும் வரிசைப்படுத்தித் தாளில் எழுதட்டும். வாய்விட்டுப் பேசுமுன் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் பெரிதாக உள்ளவரின் வரிசையே எல்லாத் தாளிலும் வரும். எழுதத் திணறுகிறவர்களுக்கு எளிய வழி: புதிய படத்தை, ஏற்கெனவே அடுக்கியவற்றில் நடுவில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். மேலா கீழா என்று தெரிந்ததும், அந்தப் பாதியின் நடுவோடு. பதின்மூன்றாவது படத்துக்கும் நான்கு கேள்விக்கு மேல் தேவைப்படாது.

பிறகு இரண்டிரண்டாக எண்ணுங்கள். 13 படத்துக்கு 78 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டையும் பார்த்தவர்களின் தாள் மட்டும் கணக்கு. அதிக ஜோடிகளில் வென்ற படம் மேலே. ஒரு ஜோடியை மூன்று பேருக்குக் குறைவாகப் பார்த்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். சமநிலை வந்தால் சமம் என்றே எழுதுங்கள், தலைவர் ஓட்டெல்லாம் வேண்டாம். டெட்பூலைத் தனிப் பட்டியலாகப் பிரிக்கலாமா என்பதை எண்ணத் தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். முடிவு தெரிந்தபின் பிரித்தால் மறுபடி அடிதடிதான்.

'தி நியூ மியூட்டன்ட்ஸ்' யாருமே பாத்ததாத் தெரியலியே. பாக்கலாமா? — வாசகி, அருமனை

2017-இல் படப்பிடிப்பு, 2018 ஏப்ரலில் வெளியீடு என்று அறிவிப்பு. தள்ளித் தள்ளி, 2019 மார்ச்சில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கி, கடைசியில் கொரோனாவுக்கு நடுவே 2020 ஆகஸ்டில் வந்தது. 94 நிமிடம்தான். ஐந்து இளைஞர்கள், ஒரு மருத்துவமனை, அவரவர் பயம் அவரவர் முன்னால் வந்து நிற்கிறது. முதல் ஒரு மணி நேரம் அளவாகப் போகிறது. கடைசியில் பெரிய கரடி வந்ததும் வழக்கமான மோதல். மழை நாளில் மின்சாரம் இருந்தால் பாருங்கள்.